எலியை எடுத்தாயிற்று, கிணறு சுத்தமாயிற்றா?

வீட்டுக் கணினியிலிருந்து வேவு மென்பொருளை அகற்றிய பிறகு செய்ய வேண்டியவை



சென்ற ஷஃபான் மாதக் கடைசியில் துபாயிலிருந்து நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். ஆண்டுதோறும் தம் ஜகாத்தில் ஒரு பகுதியை நம் அறக்கட்டளையின் கல்வி உதவிக்கு அனுப்புகிறவர். "என்ன காக்கா, டிரஸ்ட் அக்கவுண்ட்டை மாத்திட்டீங்களா? மெயில்ல புது நம்பர் வந்திருக்கு, பேங்க்கும் வேற. அனுப்புறதுக்கு முன்னால உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு கூப்பிட்டேன்" என்றார்.

நாம் கணக்கை மாற்றவில்லை. அந்த மடலை நான் எழுதவும் இல்லை. ஆனால் அது போயிருந்தது நம் அறக்கட்டளையின் மின்னஞ்சலிலிருந்துதான். என் பெயரில், நான் வழக்கமாக எழுதும் ஸலாம், விசாரிப்பு எல்லாவற்றோடும் போயிருந்தது.

அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்புதான் என் வீட்டுக் கணினியில் புகுந்திருந்த ஒரு வேவு மென்பொருளைக் கடைக்காரர் ஒருவரின் உதவியோடு அகற்றியிருந்தேன். "சுத்தமாயிடுச்சு, இனி பயமில்லை" என்றார் அவர். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, கணினியை மீண்டும் மேசையில் வைத்து வேலையைத் தொடர்ந்தேன். அங்கேதான் தவறினேன். அல்லாஹ்வின் கிருபையால் அந்தச் சகோதரர் போன் செய்ததால் பணம் தப்பியது. இல்லாவிட்டால் இந்த ஆண்டு கல்லூரிக் கட்டணத்துக்காகக் காத்திருந்த நம் பிள்ளைகளின் பங்கு யாரென்றே தெரியாத ஒருவனிடம் போயிருக்கும்.

இதை மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் அந்தக் கணினியில் என் வீட்டு விஷயம் மட்டும் இருக்கவில்லை. அலுவலகக் கணினி பழுதாகியிருந்த வாரங்களில் கல்வி உதவி விண்ணப்பங்களையும் விதவை உதவித் தாள்களையும் வீட்டில் வைத்துத்தான் பார்த்தேன். ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பிள்ளைகளின் புகைப்படம் எல்லாம் அதில் இருந்தன. அவை நீங்கள் நம்பி ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் சேர்க்கும்படி சூரா அன்னிஸா 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு அந்தக் கடமை முடிந்துவிடாது. அதன் நகலுக்கு என்ன ஆயிற்று என்று சொல்வதும் அதில் சேரும். சம்பந்தப்பட்ட குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் நேரில் சென்று சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கிணற்றுப் பாடம்

மத்ரஸாவில் ஓதிய காலத்தில் ஃபிக்ஹு நூலில் கிணற்றுப் பாடம் வரும். ஹனஃபி மத்ஹபின் சட்டப்படி, கிணற்றில் எலி விழுந்து செத்துவிட்டால், அது ஊதிச் சிதையாத நிலையில், முதலில் எலியை வெளியே எடுக்க வேண்டும். அது உள்ளே கிடக்கும்வரை எத்தனை வாளி இறைத்தாலும் கணக்கில் சேராது. எடுத்த பிறகு 20 முதல் 30 வாளி வரை தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். எலியை எடுத்ததோடு நிறுத்திக்கொண்டால் கிணறு சுத்தமாகாது. ஷாஃபிஈ மத்ஹபில் இதன் சட்டம் வேறு விதமாக அமைந்துள்ளது. நான் இங்கே உவமைக்காக மட்டும் சொல்கிறேன்.

நான் எலியை எடுத்தேன். தண்ணீரை இறைக்கவில்லை, கிணற்றுக்கு மூடியும் போடவில்லை. எலியை எடுத்தல், தண்ணீர் இறைத்தல், மூடி போடுதல் என்ற இந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

அது என்ன செய்கிறது?

முன்பெல்லாம் வைரஸ் என்றால் கணினி மெதுவாகும், திரையில் விளம்பரம் குதிக்கும், கோப்புகள் கெடும். இப்போது வரும் வேவு மென்பொருள்களில் பல சத்தமே போடுவதில்லை. உள்ளே வந்து, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், குக்கீகளையும், கிடைக்கும் ஆவணங்களையும் அள்ளி, சில நிமிடங்களில் தன் எஜமானனுக்கு அனுப்பிவிடும். பிறகு நாம் ஸ்கேன் செய்து அதை அழித்தாலும் போன பொருள் போனதுதான். வீட்டுக்குள் வந்த திருடனை விரட்டிவிட்டோம், ஆனால் சாவிக்கொத்து அவன் பையில் இருக்கிறது என்ற நிலை.

குக்கீ என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் கையில் அடையாள வளையம் மாட்டுகிறார்கள் அல்லவா? ஒருமுறை ஆவணங்களைச் சரிபார்த்து மாட்டிவிட்டால், பிறகு வளையத்தைப் பார்த்தே இன்னார் என்று அறிந்துகொள்வார்கள். நாம் மின்னஞ்சலில் ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து நுழைந்தால், அந்தத் தளம் நம் பிரவுசருக்கு மாட்டிவிடும் வளையம்தான் குக்கீ. அதனால்தான் மறுநாள் திறக்கும்போது மீண்டும் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. அந்த வளையத்தையே ஒருவன் எடுத்துக்கொண்டால் அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

இது அரிதாக நடப்பதும் அல்ல. லும்மா என்ற பெயர் கொண்ட ஒரு வேவு மென்பொருள் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதங்களில் உலகெங்கும் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்தது. அந்த மே மாதம்தான் பல நாடுகளின் காவல் அமைப்புகளோடு சேர்ந்து அதன் வலையமைப்பை முடக்கினார்கள்.

எங்கள் வீட்டுக்குள் அது வந்த வழி எளிமையானது. என் மகன் ஒரு நிக்காஹ் அழைப்பிதழ் வடிவமைக்க, விலை அதிகமுள்ள ஒரு மென்பொருளின் கிராக் பதிப்பைத் தேடியிருக்கிறான். ஒரு வீடியோவின் கீழே இணைப்பு இருந்தது. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பு. கூடவே, "நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும்" என்று குறிப்பு. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் திருட்டுப் பொருள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிவைரஸ் திறந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டே போடப்படுகிறது.

இன்னொரு வழியும் இப்போது பரவலாக இருக்கிறது. "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று ஒரு பக்கம் வரும். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று சொல்லும். அப்படிச் செய்தால் திருடனின் கட்டளையை நம் கையாலேயே கணினிக்குக் கொடுத்தவர்களாகிறோம். உண்மையான எந்தத் தளமும் இப்படிக் கேட்காது. பிள்ளைகளுக்கு இதை மட்டுமாவது இன்றே சொல்லிவிடுங்கள்.

முதல் படி: எலியை எடுத்தல்

சந்தேகம் வந்த உடனே வைஃபையைத் துண்டியுங்கள். கணினி வெளியே பேசுவது முதலில் நிற்க வேண்டும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இலவசமாகவே இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்பதற்குள் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. விண்டோஸ் முழுதாகத் திறப்பதற்கு முன்பே அது தேடும் என்பதால், ஒளிந்துகொள்ளும் வகைகளும் அகப்பட வாய்ப்பு அதிகம். அதே பக்கத்தில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலையும் பாருங்கள். "இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே" என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. எங்கள் கணினியில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதுமே அதில் சேர்க்கப்பட்டிருந்தது. நாங்கள் யாரும் சேர்க்கவில்லை.

பாஸ்வேர்ட் திருடும் வகை என்று தெரிந்தால், ஸ்கேனோடு நிற்காமல் விண்டோஸை முழுவதுமாக அழித்துப் புதிதாக நிறுவுவதே மனநிம்மதி. புகைப்படங்கள், பாடக் குறிப்புகள், கணக்குத் தாள்கள் இவற்றை மட்டும் முன்கூட்டியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். மென்பொருள் கோப்புகளையும் ஜிப் கோப்புகளையும் எடுக்காதீர்கள். எலியையும் சேர்த்து வாளியில் எடுத்து வைத்த கதையாகிவிடும்.

கடையில் கொடுத்துச் செய்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் போடும் விண்டோஸ் உரிமம் உள்ளதா, ஆக்டிவேட்டர் போட்டதா?" சில நூறு ரூபாயில் முடிய வேண்டும் என்பதற்காகக் கிராக் விண்டோஸைப் போட்டுக்கொண்டு வந்தால், வந்த வழியையே மறுபடி திறந்துவிடுகிறோம்.

இரண்டாம் படி: தண்ணீரை இறைத்தல்

நான் விட்டுவிட்டது இதைத்தான். இதில் முதல் விதி: இந்த வேலையை அந்தக் கணினியில் செய்யக் கூடாது. பிரச்சினை வராத வேறொரு போனிலோ, உறவினரின் கணினியிலோ உட்கார்ந்து செய்யுங்கள். சந்தேகமுள்ள கணினியில் புதுப் பாஸ்வேர்டைத் தட்டினால் அதையும் அவனுக்கே தட்டிக் கொடுக்கிறோம்.

இரண்டாம் விதி: மின்னஞ்சலில் தொடங்குங்கள். வங்கி, ஸ்காலர்ஷிப் தளம், ஹஜ் விண்ணப்பம், சமூக ஊடகம் எதுவானாலும், "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் பெரும்பாலும் புது இணைப்பு போய்ச் சேருவது மின்னஞ்சலுக்குத்தான். மின்னஞ்சல் அவன் கையில் இருக்கும்போது மற்றவற்றை மாற்றிப் பயனில்லை.

மின்னஞ்சலில் செய்ய வேண்டியவை ஐந்து.

1. பாஸ்வேர்டை மாற்றுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, ஊர்ப் பெயர், 786 வேண்டாம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைப்பது நல்லது. வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும்.

2. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். தெரியாதது ஒன்று இருந்தாலும் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு மீண்டும் நுழையுங்கள். திருடிய வளையம் அப்போதுதான் செல்லாததாகும்.

3. ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். நம் அறக்கட்டளையின் மின்னஞ்சலில், துபாய்ச் சகோதரரின் முகவரியிலிருந்து எது வந்தாலும் வேறொரு முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடும்படி ஒரு ஃபில்டர் போடப்பட்டிருந்தது. அவர் போனுக்குப் பதிலாக மெயிலில் கேட்டிருந்தால், அந்தக் கேள்வி என் கண்ணிலேயே பட்டிருக்காது. பதில் அவனிடமிருந்து போயிருக்கும். பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்த ஃபில்டர் தானாக அழியாது என்பதை நினைவில் வையுங்கள்.

4. மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் சரிபாருங்கள். நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு: பிள்ளையின் கணக்குக்கு, சவூதியில் இருக்கும் வாப்பாவின் பழைய இந்திய எண்ணைக் கொடுத்திருப்போம். ரீசார்ஜ் செய்யாமல் அந்த எண் துண்டிக்கப்பட்டால், 90 நாட்களுக்குப் பிறகு அது வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். ஓடிபி அவருக்குப் போகும்.

5. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். போனில் எண் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி சிறந்தது. அது இயலாதவர்கள் எஸ்எம்எஸ் ஓடிபியையாவது வையுங்கள்.

மின்னஞ்சலுக்கு அடுத்து வங்கி. இணைய வங்கி பாஸ்வேர்டை மாற்றுங்கள். கார்டு விவரத்தைப் பிரவுசரில் சேமித்திருந்தால், வங்கியை அழைத்து அந்தக் கார்டை நிறுத்திப் புதிது கேளுங்கள். நமக்குத் தெரியாமல் புதிதாகச் சேர்க்கப்பட்ட பணம் பெறுநர் யாராவது பட்டியலில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பக்கத்தைத் திறந்து, கணினியில் திறந்திருப்பதை வெளியேற்றுங்கள். கடைசியாக, பிரவுசர் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்ட் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எங்கள் வீட்டுப் பட்டியலில் எழுபதுக்கு மேல் இருந்தன. இரண்டு இரவுகள் இஷாவுக்குப் பின் உட்கார்ந்து முடித்தோம்.

பாஸ்வேர்டை மாற்றலாம், ஆதார் எண்ணை அப்படி மாற்ற முடியாது. அதனால் ஆவணங்கள் போயிருந்தால் வேறு வழியில் காவல் போட வேண்டும்.

ஆதாரின் கைரேகை, கருவிழிப் பதிவை ஆதார் செயலியிலோ ஆதார் இணையதளத்திலோ பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். இனி யாருக்காவது நகல் கொடுக்கும்போது, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் உதவி எண் 1947.

உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

உங்கள் பான் எண்ணில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று கடன் அறிக்கையில் தெரியும். சிபில் உள்ளிட்ட நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கமே போகாதவர் பெயரில் யாரோ வட்டிக் கடன் வாங்கியிருந்தால், அது அவருக்கு எவ்வளவு வேதனை! மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பணம் போய்விட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தகவல் போனால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.

மூன்றாம் படி: மூடி போடுதல்

ஒரே பொந்தில் இரண்டு முறை கொட்டு வாங்குகிறவனாக முஃமின் இருக்க மாட்டான் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் பதிவாகியுள்ளது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி திர்மிதியில் உள்ளது. கணினிக்கும் கட்டும் கயிறு வேண்டும்.

முதல் கயிறு அப்டேட். விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காத பழைய கணினியில் உபுன்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் இணையத்துக்கும் அது போதும்.

இரண்டாவது, தனித்தனிக் கணக்கு. பெரும்பாலான வீடுகளில் எல்லோரும் ஒரே கணக்கில், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு உட்காருகிறோம். அந்த அதிகாரக் கணக்கை ஒருவர் மட்டும் பாஸ்வேர்டோடு வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்ட் கணக்கு கொடுங்கள். அப்போது கணினியின் அமைப்பையே மாற்றும் எந்த மென்பொருளும் பெரியவரின் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும். இது எல்லாவற்றையும் தடுக்காது. ஆனால் கேட்டு நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் யோசிக்க இடம் கிடைக்கும். வங்கி வேலைக்கென்று ஒரு தனிக் கணக்கு வைத்து, அதில் வேறு எதுவும் செய்யாமலிருப்பது இன்னும் நல்லது.

மூன்றாவது, பிரவுசரில் சேர்த்திருக்கும் எக்ஸ்டென்ஷன்கள். தேவையில்லாததை எல்லாம் நீக்குங்கள். நாம் திறக்கும் பக்கங்களைப் படிக்கும் அதிகாரம் அவற்றில் பலவற்றுக்கு உண்டு.

நான்காவது, கோப்பின் முழுப் பெயரையும் காட்டும்படி விண்டோஸில் அமைத்துக்கொள்ளுங்கள். "ஹால் டிக்கெட் பிடிஎஃப்" போலத் தெரியும் கோப்பின் கடைசியில் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது ஆவணம் அல்ல, நிரல்.

ஐந்தாவது, வைஃபை ரூட்டர். பொருத்திவிட்டுப் போனவர் வைத்த அட்மின் பாஸ்வேர்டையே வைத்திருக்கிறோம். அதை மாற்றுங்கள்.

ஆறாவது, வெளி ஹார்ட் டிஸ்க்கில் மாதம் ஒருமுறை நகல் எடுங்கள். எடுத்து முடித்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் மாட்டியே இருந்தால், கணினிக்கு வரும் கேடு அதற்கும் வரும்.

ஏழாவது, கிராக். இதைப் பாதுகாப்பு விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் ஐந்தாம் அமர்வு, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் போன்றவை ஷரீஅத்தில் மதிக்கப்படும் உரிமைகள், அவற்றை மீறக் கூடாது என்று முடிவெடுத்தது. பிறர் உழைப்பை விலை கொடுக்காமல் எடுக்கத்தான் என் மகன் போனான். எங்கள் வீட்டுக்குள் திருடன் வந்தான். இலவசமாகவும் ஹலாலாகவும் கிடைப்பவை நிறைய இருக்கின்றன. கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆஃபீஸ், படத்துக்கு கிம்ப், அழைப்பிதழ் வடிவமைக்க இங்க்ஸ்கேப். தமிழில் தட்டச்சு செய்ய விண்டோஸிலேயே தமிழ் 99 உண்டு.

வீட்டுக்குள் பேச வேண்டியது

இனி நான் சொல்லப்போவது எனக்கு எழுதக் கடினமானது. அந்தக் கோப்பைத் திறந்த அன்று இரவே என் மகனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கறுப்புத் திரை ஒன்று தோன்றி மறைந்ததைப் பார்த்திருக்கிறான். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. ஐந்து நாள் கழித்து, அவனுடைய இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து யாரோ பணம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அவன் உம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னான். "வாப்பா ஏசுவாங்கன்னு பயந்துட்டேன்" என்றான்.

அந்த ஐந்து நாளில் என்ன போனது என்று எண்ணிப் பார்த்தபோது, தவறில் எனக்கும் பங்கு இருப்பது புரிந்தது. அறக்கட்டளைத் தாள்களை வீட்டின் பொதுக் கணினியில் வைத்தது நான். பிள்ளை வந்து சொல்ல முடியாதபடி முகத்தை வைத்துக்கொண்டிருந்ததும் நான்தான். அன்று அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒன்று சொன்னேன்: இனி எது நடந்தாலும் அந்த நிமிடமே சொல், முதலில் சரி செய்வோம், புத்தி சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லி வையுங்கள். எந்த ஆன்டிவைரஸையும்விட விரைவாக வரும் எச்சரிக்கை, பயமில்லாத பிள்ளையின் வாயிலிருந்து வருவதுதான்.

இது நடந்த பிறகு என்னைச் சந்தித்த ஒரு சகோதரர், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாமல் பார்க்க ஒரு செயலி போட்டுவிடலாமா என்று கேட்டார். துருவி ஆராய்வதை சூரா அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் தடுக்கிறது. பிறர் வீட்டில் அனுமதி கேட்டு நுழையும்படி சூரா அந்நூர் சொல்கிறது. அதே சூரா, வீட்டுக்குள்ளேயே சில நேரங்களில் சிறு பிள்ளைகளும் அனுமதி கேட்கும்படி கற்பிக்கிறது. பெற்றோருக்குக் கண்காணிக்கும் கடமை உண்டு. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வெளிப்படையாகச் செய்யுங்கள்: கணினியைக் கூடத்தில் வையுங்கள், நேர வரம்பு போடுங்கள், விண்டோஸின் குடும்பப் பாதுகாப்பு வசதியைப் பிள்ளைக்குத் தெரியும்படி அமையுங்கள். திருட்டுத்தனமாகப் போடும் செயலி நமக்கும் வேவு பார்க்கும், அதைச் செய்தவனுக்கும் வேவு பார்க்கலாம். எதை வீட்டிலிருந்து விரட்டினோமோ அதை நாமே அழைத்து வந்தவர்களாவோம்.

அறக்கட்டளையில் மாற்றியவை

நிர்வாகக் குழு கூடி நான்கு முடிவுகள் எடுத்திருக்கிறது.

1. உதவி விண்ணப்பங்கள் இனி அலுவலகக் கணினியில் மட்டுமே இருக்கும். யார் வீட்டுக்கும், என் வீட்டுக்கும், போகாது.

2. விண்ணப்பத்தோடு மறைத்த ஆதார் நகலே வாங்கப்படும். உதவி வழங்கி, கணக்குத் தணிக்கை முடிந்ததும் கணினியில் உள்ள நகல் அழிக்கப்படும்.

3. அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு எண் மாறினால், அது இந்த இதழில் அச்சாகும், ஜும்ஆவுக்குப் பின் பள்ளியிலும் அறிவிக்கப்படும். மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ மட்டும் வரும் கணக்கு எண்ணை நம்ப வேண்டாம். என் பெயரில் வந்தாலும் நம்ப வேண்டாம்.

4. பணம் அனுப்பும் முன், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் எங்களை அழைத்துக் குரலைக் கேளுங்கள். மடலிலேயே கொடுத்திருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். எங்களுக்குத் தொந்தரவு என்று எண்ணவே வேண்டாம். அப்படி ஒருவர் எண்ணாமல் அழைத்ததால்தான் பிள்ளைகளின் பங்கு இன்று அறக்கட்டளைக் கணக்கில் இருக்கிறது.

தங்கள் வீட்டுக் கணினியில் சந்தேகம் உள்ளவர்கள், குறிப்பாக ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டினர், அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வந்து சொல்லலாம். கணினித் துறையில் படித்த நம் பிள்ளைகள் இருவர் உதவ முன்வந்திருக்கிறார்கள். பெண்கள் மட்டும் உள்ள வீடுகளுக்கு, கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தும் நம் சகோதரி ஒருவர் வருவார். பாஸ்வேர்டை மட்டும் அவர்கள் யாரிடமும் சொல்லாதீர்கள், நீங்களே தட்டுங்கள். கேட்பவர் நம் பிள்ளையே ஆனாலும் சரி.

இந்த மாதம் வீட்டில் ஒரு நாள் மாலை, குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். நம் மின்னஞ்சல் எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது? அதன் மீட்பு எண் இன்று யார் கையில் இருக்கிறது? நம் கணினியில் பிறருடைய அமானிதம் ஏதாவது கிடக்கிறதா? மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம் வீடுகளையும் மானத்தையும் பொருளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் தகுதியை நம் அனைவருக்கும் தருவானாக. கவனக் குறைவால் நேர்ந்த என் பிழையை அவன் மன்னிப்பானாக, நீங்களும் மன்னியுங்கள். ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்